சொந்தப் பெயரில் ஒரு சீட்டு

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கிளமென்ட்டுக்கு ஒரு வினாத்தாள் வந்துவிடும். மொத்தம் பதினொரு கேள்விகள். தற்போது என்ன பணியில் இருக்கிறீர்கள்? கிராமத்திலா, நகரத்திலா? பயிற்சியில் கற்றவற்றுள் எவ்வளவு இன்றைய பணியில் பயன்படுகிறது? இப்படியே போய்க் கடைசிக் கேள்வியில் முடியும்: இப்பயிற்சியில் சேருமாறு உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ சொல்வீர்களா? முதல் ஆண்டு, கொடுத்த இடம் போதாமல் தாளின் பின்பக்கத்திலும் எழுதி அனுப்பினார் கிளமென்ட். ஏழாம் ஆண்டு வந்த தாளை நான்காக மடித்து, ஆடும் மேசைக் காலுக்கு அடியில் செருகிவிட்டார்.

அந்த வினாத்தாளை அனுப்பியது திருச்சியிலிருந்த ஒரு மருத்துவ நலச் சங்கம். நல்ல எண்ணத்தோடு தொடங்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. டாக்டர்கள் கிராமத்துக்குப் போவதில்லை, போனாலும் தங்குவதில்லை. ஆகவே அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளைப் பொறுக்கி, இரண்டாண்டு மருத்துவம் கற்பித்து, டாக்டருக்கும் நர்ஸுக்கும் இடையில் ஒரு புதிய வரிசையை உண்டாக்கிக் கிராமங்களில் அமர்த்தினால் என்ன என்று சங்கம் எண்ணியது. அதன் செயலாளர் இருதயநாதன், ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர். 'மருத்துவ உதவியாளர்' என்று அந்த வரிசைக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. பணம் வெளிநாட்டு நன்கொடையாளர்களுடையது. பயிற்சி பெற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. வினாத்தாள் பிறந்த கதை அதுதான்.

1976-இல் முதல் அணிக்கு இருபத்துநான்கு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுள் கிளமென்ட்டும் ஒருவர், பாலக்கரைக்காரர். தந்தை தைரியராஜ் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாள் தவறாமல் சைக்கிளில் போய், சங்கு ஊதுமுன் உள்ளே நுழைந்துவிடும் மனிதர். மகனையும் அதே வாசல் வழியாக அப்ரண்டிஸாக நுழைத்துவிட வேண்டும் என்று அதிகாரிகள் இருவரைப் பார்த்துப் பேசியும் வைத்திருந்தார்.

"ரயில்வேன்னா பென்ஷன், பாஸ், குவார்ட்டர்ஸ். நீ படிக்கப்போற படிப்புக்கு என்னடா பேரு சொன்ன?"

"மருத்துவ உதவியாளர்ப்பா."

"யாருக்கு உதவி? டாக்டருக்கா, சீக்காளிக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"ரெண்டு பேருக்கும் உதவி செய்யறவன ரெண்டு பேரும் திட்டுவாங்க. காலண்டர்ல எழுதி வச்சுக்கோ."

கிளமென்ட் எழுதி வைக்கவில்லை. அவருக்கு அந்தப் படிப்பு பிடித்துப்போயிற்று. மார்பில் குழலை வைத்துக் கேட்பது, கண்ணிமையைக் கீழே இழுத்து இரத்தத்தின் அளவை மதிப்பிடுவது, வயிற்றை எந்த இடத்தில், எவ்வளவு மென்மையாக அழுத்த வேண்டும் என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக எதைத் தாம் தொடாமல் உடனே நகரத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது — இவற்றையெல்லாம் இரண்டு ஆண்டுகளில் ஒழுங்காகக் கற்றார். தேர்வில் இரண்டாம் இடம் அவருக்கு. முதலிடம் டோரதிக்கு. பள்ளி ஆசிரியை ஒருவரின் மகளான அந்தப் பெண், இதயத்தின் முதல் ஒலிக்கும் இரண்டாம் ஒலிக்கும் நடுவே ஒளிந்துகிடக்கும் மெல்லிய சீற்றத்தைப் பிடித்துவிடும். பாடம் சொல்லிக் கொடுத்த டாக்டர்களே ஒருமுறைக்கு இருமுறை குழலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் 'ஆமாம்' என்பார்கள்.

1978-இல் சான்றிதழ் கைக்கு வந்தது. கனமான தாள், தங்கநிற விளிம்பு. அதை எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்யப் போனார் கிளமென்ட். அங்கே நல்லுசாமி என்ற எழுத்தர், தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பதவிகளின் பட்டியலைப் புரட்டினார்.

"கம்பவுண்டரா தம்பி?"

"இல்லைங்க."

"ஆம்பள நர்ஸா?"

"அதுவும் இல்லைங்க. நோயாளியைப் பரிசோதிச்சு, சின்ன வியாதிக்கு வைத்தியம் பார்த்து, பெரிய வியாதியைக் கண்டுபிடிச்சு அனுப்பறது."

"அதுக்குத்தான் டாக்டர்னு பேரு. அதுக்கு நம்பர் இருக்கு. உங்களுக்கு நம்பர் இல்லையே." எழுத்தர் மறுபடி ஒருமுறை பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். மனத்தில் இரக்கமுள்ளவர். "மாவு மிஷின் ஓட்டறவனுக்கு நம்பர் இருக்கு, யானைப் பாகனுக்கு இருக்கு. உங்கள எங்கே போட? 'இதர'ன்னு போட்டு வைக்கிறேன். வருத்தப்படாதீங்க. பேரு உள்ள இருந்தாப் போதும்."

அட்டையில் 'இதர' என்று விழுந்தது.

சங்கத்தின் பதினோரு துணை நிலையங்களில், ஊருக்கேற்ப ஒருவர், இருவர், மூவராக, ஒப்பந்தப்படி ஓராண்டுக்கு இருபத்துநான்கு பேரும் அமர்த்தப்பட்டார்கள். கிளமென்ட்டுக்கு உப்பிலியபுரம் கிடைத்தது. பச்சைமலை அடிவாரம், நெல்லும், குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளியும் விளையும் ஊர். ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறைகள், ஒரு பரிசோதனைக் கட்டில், ஒரு மருந்து அலமாரி. வாரத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும் ஸ்ரீரங்கத்திலிருந்து டாக்டர் அழகிரி காரில் வருவார். ஸ்ரீரங்கத்தில் சொந்தமாக நர்ஸிங் ஹோம் வைத்திருந்தவர், சங்கத்துக்குக் கௌரவ மருத்துவர், கலகலப்பான மனிதர். மீதி ஆறு நாளும் கிளமென்ட்தான். ஊரார் அவரைச் 'சின்ன டாக்டர்' என்று அழைத்தார்கள். அவர் முதலில் மறுத்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மருத்துவ உதவியாளர் பரிசோதிக்கலாம், மருந்து கொடுக்கலாம். ஆனால் அவருடைய கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. மருந்துக் கடையோ ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ, எங்கே நீட்டுகிற தாளானாலும் டாக்டரின் கையெழுத்து வேண்டும். டாக்டரோ செவ்வாய்க்கிழமைதான் வருவார். ஆகவே டாக்டர் அழகிரி, ஒவ்வொரு செவ்வாயும் காரில் ஏறுமுன், சங்கத்தின் பெயர் அச்சிட்ட வெற்றுச் சீட்டுகளில் வரிசையாகக் கையெழுத்திட்டு வைத்துவிட்டுப் போவார்.

"நாப்பது போதுமா கிளமென்ட்? காய்ச்சல் காலம், அம்பதாப் போட்டுடவா?"

"அம்பது இருந்தா நல்லதுங்க சார்."

"போட்டுட்டாப் போச்சு. என் கையெழுத்து தேயவா போகுது?"

கையெழுத்துக்கு மேலிருக்கும் வெற்றிடத்தை வாரம் முழுவதும் கிளமென்ட் நிரப்புவார். நோயைக் கண்டவர் ஒருவர், பெயர் மற்றொருவருடையது. எல்லா நிலையங்களிலும் இதே ஏற்பாடுதான். யாருக்கும் இது தவறென்று தோன்றவில்லை. வேறு வழியும் இருக்கவில்லை. சீட்டுத் தீராமல் பார்த்துக்கொள்வதே உதவியாளரின் முதல் திறமை என்று அவர்கள் தங்களுக்குள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஓராண்டு ஒப்பந்தம் முடிந்தது. வினாத்தாளுக்கு வந்த பதில்களிலிருந்து பார்த்தால், கிராமத்தில் இருந்த இருபத்துநான்கு பேர் இரண்டாம் ஆண்டில் பதினேழாகவும், மூன்றாம் ஆண்டில் ஒன்பதாகவும், நான்காம் ஆண்டில் நான்காகவும் குறைந்தனர். யாரையும் குறை சொல்வதற்கில்லை. திருமணம் பேசும்போது பெண் வீட்டார் 'மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம்?' என்று கேட்டால், சொல்லி விளங்க வைக்க அரை மணி நேரம் பிடித்தது. ஐந்து பேர் மருந்துக் கம்பெனிகளில் விற்பனைப் பிரதிநிதிகளாகிக் கழுத்தில் டை கட்டிக்கொண்டார்கள். நகரத்து நர்ஸிங் ஹோம்கள் சிலரை எடுத்துக்கொண்டன. கிளமென்ட்டின் நெருங்கிய தோழர் கலீல் சவூதிக்குப் போனார். அங்கிருந்து எழுதினார்: 'இங்கே எனக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை. ஆனால் கோட்டு வெள்ளை. அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன், மகன் டாக்டராகிவிட்டான் என்று தெருவெல்லாம் காட்டினார்களாம். அல்லாஹ் மன்னிப்பானாக.' ஓராண்டுக்குமேல் டோரதியை ஒரு துணை நிலையத்தில் தனியே தங்க வைக்க அவருடைய வீட்டார் உடன்படவில்லை. தட்டச்சு தெரியும் என்பதால் சங்க அலுவலகத்திலேயே அவரை உட்கார வைத்துவிட்டார்கள். வினாத்தாள்களை அனுப்புவதும், திரும்பி வந்தவற்றைத் தொகுத்து அறிக்கையாகத் தட்டச்சு செய்வதும் அவர் வேலையாயிற்று.

கிளமென்ட் உப்பிலியபுரத்தை விட்டு நகரவில்லை. ஏன் அங்கேயே கிடக்கிறாய் என்று தந்தை பலமுறை கேட்டார். 'கொஞ்ச நாள்ல கவர்ன்மென்ட்டே இந்தப் பதவியை ஏத்துக்குமாம்ப்பா' என்பார் இவர். ஒருநாள் தம்முடைய சொந்தக் கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதவேண்டும். அவர் விரும்பியதெல்லாம் அவ்வளவுதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

1982, வைகாசி. டாக்டர் அழகிரியின் வீட்டில் ஒரு திருமணம். அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. முந்தைய வாரத்துச் சீட்டுகளை இழுத்துப் பிடித்துச் சிக்கனமாகச் செலவழித்தார் கிளமென்ட். சனிக்கிழமை மாலை கடைசிச் சீட்டும் தீர்ந்தது.

ஞாயிறு காலை, குச்சிக்கிழங்குத் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் ஆண்டி, உறவினர் சிலரோடு சேர்ந்து, தன் மனைவி வீராயியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தான்.

"கெணத்தடியில மயங்கி விழுந்துட்டா சின்ன டாக்டரே. வயித்த வலிக்குதுங்கிறா. நேத்து பண்ணையில கறிக்கொழம்பு ஊத்துனாங்க. வேணாம் வேணாம்னேன், கேட்டாளா? அது சேரல."

கிளமென்ட் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், இறுகியிருந்தது. இமையை இழுத்துப் பார்த்தார், வெளுத்துக் கிடந்தது. நாடி விரலடியில் நூலாக ஓடியது. நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு. குடிக்கத் தண்ணீர் கொண்டுவா என்று ஆண்டியை வெளியே அனுப்பிவிட்டுக் குனிந்து கேட்டார்.

"நாள் தள்ளியிருக்காம்மா?"

"நாப்பத்தஞ்சு நாளாச்சு சாமி. அவருகிட்ட இன்னும் சொல்லல."

"தோள்பட்டை வலிக்குதா?"

அவள் கண்ணை அகல விரித்தாள். "ஆமா சாமி, வலது தோளு. வயித்துல நோவுன்னா தோளு எதுக்கு வலிக்கணும்?"

எதற்கு என்று அவருக்குத் தெரியும். கரு தங்கவேண்டிய இடத்தில் தங்காமல் குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. அது விலாவுக்கடியில் ஏறித் தொடும்போது தோள் வலிக்கும். பயிற்சியில் ஒரே ஒரு நாள் அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்த பாடம். உடனே அறுவை செய்தால் பிழைப்பாள். 'அஜீரணம்' என்று வரிசையில் உட்கார வைத்தால் வாசலிலேயே இறந்துபோவாள்.

கையில் சலைன் ஏற்றினார். கிழங்கு ஏற்றித் திருச்சிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த லாரியை நிறுத்தினார்கள். ஓட்டுநருக்கு அருகில் வீராயியும், ஆண்டியும், பாட்டிலைப் பிடித்துக்கொள்ள அவளுடைய நாத்தனாரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகு இன்னொருவருக்கு இடமில்லை. ஆகவே அவர் சொல்லவேண்டியதையெல்லாம் ஒரு தாளே சொல்லவேண்டியிருந்தது.

கையெழுத்திட்ட சீட்டு ஒன்றுகூட இல்லை. குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். நாடி, இரத்த அழுத்தம், நாள் தள்ளிய கணக்கு, தோள்வலி எல்லாம் எழுதி, 'கருக்குழாய் வெடித்து உள்ளே இரத்தம் கசிவதாகக் கருதுகிறேன். உடனடி அறுவை தேவை' என்று முடித்தார். கீழே என்ன போடுவது? ஒன்றும் போடாமலும் விட்டிருக்கலாம். பெயரில்லாத தாளை யார் மதிப்பார்கள் என்று அவர் நினைத்தது உண்மை. நான்காண்டுகளாக மற்றவர் பெயருக்கு மேலேயே எழுதி எழுதிக் கை ஏங்கிப் போயிருந்ததும் உண்மை. 'த. கிளமென்ட், மருத்துவ உதவியாளர்' என்று நிறுத்தி, தெளிவாக, கையெழுத்திட்டார்.

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அந்தத் தாளை வாங்கிப் படித்த பெண் டாக்டர், வீராயியை நேரே அறுவை அரங்குக்குக் கொண்டுபோகச் சொன்னார். வீராயி பிழைத்தாள். மூன்றாம் வாரம் ஆண்டி ஒரு விடைக்கோழியோடு வந்து நின்றான். டாக்டர் அழகிரி செய்தி கேட்டு, "பலே!" என்று முதுகில் தட்டினார்.

கேடு விளைந்தது பாராட்டினால்தான். அந்தப் பெண் டாக்டர் நல்லவர். இத்தகைய ஊழியர்களைப் பயிற்றுவித்ததற்காகச் சங்கத்தைப் புகழ்ந்து, மேலதிகாரிகளின் கவனத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்று கருதி, கிளமென்ட்டின் தாளை நகலெடுத்து இணைத்து, ஒரு கடிதம் எழுதினார். மேலிடத்தில் அதைப் படித்தவருக்குப் பாராட்டு கண்ணில் படவில்லை, கேள்விதான் பட்டது. டாக்டர் அல்லாத ஒருவர் எந்தச் சட்டத்தின் கீழ் நோயைக் கணித்து, தம் பெயரில் எழுதினார்? பதினைந்து நாளில் விளக்கம் தரவேண்டும்.

சங்க அலுவலகத்துக்குக் கிளமென்ட்டை வரவழைத்தார்கள். இருதயநாதன் மேசைக்குப் பின்னால். பக்கத்து நாற்காலியில் டாக்டர் அழகிரி. மூலையில் தட்டச்சுப் பொறியின் முன் டோரதி.

"நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், கிளமென்ட்," என்று தொடங்கினார் இருதயநாதன். அவர் கண் கலங்கியிருந்தது. "ஆனா நீங்களாப் பரிசோதிச்சு எழுதினதா ஒத்துக்கிட்டா, போலி வைத்தியம்னு உங்க மேல கேஸ் வரும். பதினோரு நிலையத்துக்கும் பூட்டுப் போட்டுடுவாங்க."

"டாக்டர் சீட்டு தீர்ந்துபோச்சுங்க சார். அதனாலதான்…"

"ஐயையோ, சீட்டுப் பேச்சையே எடுக்காதே!" என்று துள்ளினார் அழகிரி. "வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டேன்னு தெரிஞ்சா என் ரெஜிஸ்ட்ரேஷன் போயிடும்ப்பா. எனக்கு ரெண்டு பொண்ணு."

"அப்ப நான் என்னங்க சார் சொல்றது?"

இருதயநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டாக்டர்கிட்ட டெலிபோன்ல நோயாளியோட நிலையைச் சொன்னேன், அவர் சொல்லச் சொல்ல எழுதினேன், எனக்காத் தனியா மருத்துவம் எதுவும் தெரியாது. இந்த மூணு வரிதான். அதோட முடிஞ்சுது."

"உப்பிலியபுரம் நிலையத்துல டெலிபோன் இல்லைங்களே."

"போஸ்ட் ஆபீஸ்ல இருக்கில்ல?"

"அன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க சார்."

"அதையெல்லாம் யாரு பார்க்கப்போறா?" என்றார் அழகிரி, மெதுவாக.

மூலையிலிருந்து டோரதியின் குரல் வந்தது. "'எனக்கு மருத்துவம் தெரியாது'ன்னு நான் அடிக்கணுமா சார்? பரீட்சையில என் பக்கத்துல உட்கார்ந்து எழுதினவருங்க."

"அடிங்கம்மா," என்றார் இருதயநாதன், தலையைத் தூக்காமல். "எல்லார் நன்மைக்கும்தான்."

பொறி தட்டத் தொடங்கியது. கிளமென்ட் ஒவ்வொரு தட்டலையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாளை உருவி நீட்டியபோது டோரதி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. 'எனக்குத் தனிப்பட்ட மருத்துவ அறிவு ஏதும் இல்லை' என்ற வாசகத்தின் கீழே, த. கிளமென்ட் என்று அவர் கையெழுத்திட்டார். சொந்தப் பெயரில் அவர் கையெழுத்திட்ட தாள்களில் மேலிடம் ஏற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமையில் டெலிபோன் ஏது என்று யாரும் கேட்கவில்லை.

எட்டு மாதத்தில் வெளிநாட்டுப் பணம் நின்றது. நிலையங்கள் பதினொன்றும் மூடப்பட்டன. எதைக் காப்பாற்றுவதற்காக அந்த மூன்று வரிகளோ, அது அந்த மூன்று வரிகளால் காப்பாற்றப்படவில்லை. பயிற்சி வகுப்பு மட்டும், புதிதாக ஒரு நன்கொடையாளர் கிடைத்ததால், நகரத்தில் தொடர்ந்தது. ஆண்டுக்கொரு அணி தங்கநிற விளிம்புச் சான்றிதழோடு வெளியே வந்துகொண்டிருந்தது.

டாக்டர் அழகிரி நன்றி மறக்கவில்லை. "என்கிட்ட வந்துடு கிளமென்ட், உன்னைத் தெருவுல விட்டுடுவேனா?" என்று ஸ்ரீரங்கத்து நர்ஸிங் ஹோமில் வேலை கொடுத்தார். வாசலறையில் ஒரு மேசை. மேசைமேல் எண் எழுதிய அட்டைகள். வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பதும், முறைப்படி கூப்பிட்டு உள்ளே அனுப்புவதும் பணி. சேர்ந்த அன்றே டாக்டர் ஒன்று சொன்னார்: "பேஷன்ட் யாரையும் தொடாதே, எதுவும் சொல்லாதே. உன் நல்லதுக்குத்தான்." நாளைக்கு அறுபது பேர் அவரைக் கடந்து போனார்கள். நடையைப் பார்த்தாலே இவருக்கு நரம்பு, அவருக்கு ஈரல் என்று மனம் தானாகச் சொல்லிக்கொண்டே போகும். வாய், "பன்னெண்டு… பதிமூணு…" என்று சொல்லும்.

தந்தை ஓய்வு பெற்றிருந்தார். ஒருநாள் மாலை மகனைப் பார்த்துக் கேட்டார். "உன்கூட அப்ரண்டிஸ் சேரவேண்டிய பயலுக இப்ப சார்ஜ்மேன். நீ என்னவா இருக்கே?"

"வாசல்ல இருக்கேன்ப்பா."

அந்த வீட்டில் பிறகு அந்தப் பேச்சு எழவேயில்லை.

ஏழாவது வினாத்தாள் மேசைக் காலுக்கடியில் போன 1985-ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதத்தில் டோரதி ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டார்.

"உங்க ஒருத்தர் ஃபார்ம்தான் வரல. நான் அறிக்கையை முடிக்கணுங்க."

"என்ன எழுதச் சொல்றீங்க?"

"நீங்க சொல்லவேணாம், நானே போட்டுக்கறேன். பணி: சுகாதாரத் துறை."

"டோக்கன் குடுக்கறதா?"

"ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளதானே குடுக்கறீங்க? கலீல் ஸ்ட்ரெச்சர் தள்றாரு, அதுவும் சுகாதாரம். அஞ்சு பேரு மருந்து விக்கறாங்க, சுகாதாரம். இதையெல்லாம் நான் டைப் அடிக்கறேன் பாருங்க, நானும் சுகாதாரம்."

கிளமென்ட் சிரித்துவிட்டார். டோரதி சிரிக்கவில்லை. "ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். யாரோட நெஞ்சுலயாவது குழலை வச்சுக் கேட்டு எத்தனை வருஷமாச்சு உங்களுக்கு?"

"மூணு ஆகப்போகுது. உங்களுக்கு?"

"ஆறு." அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "போயிட்டு வரேங்க."

அந்த ஆண்டின் அறிக்கை அழகாக அச்சாயிற்று. முதல் அணியின் இருபத்துநால்வருள் இருபத்திரண்டு பேர் சுகாதாரத் துறையில் பணியாற்றுகின்றனர் என்று அதன் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. கிராமத்திலா, நகரத்திலா என்ற கேள்வி, இடமின்மையால், அடுத்த ஆண்டிலிருந்து வினாத்தாளிலேயே இல்லை.

அதே ஆண்டு மார்கழி. வைகுண்ட ஏகாதசிக்கு வந்த கூட்டம் ஸ்ரீரங்கத்தில் இன்னும் வடியாதிருந்தது. கோயிலுக்கு வந்த கையோடு டாக்டரையும் பார்த்துவிட்டுப் போகிற வழக்கத்தால் நர்ஸிங் ஹோம் வாசலறை நிறைந்திருந்தது. நாற்பத்தாறாம் டோக்கனை நீட்டியபோது, வாங்கிய கை அட்டையை விட்டுவிட்டு அவர் கையையே பிடித்துக்கொண்டது.

"சின்ன டாக்டரே! இங்கயா இருக்கீங்க?"

வீராயி. பக்கத்தில் பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி. அவளுடைய மூத்த மகள். நான்கு படி ஏறியதற்கே பெஞ்சியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

"என்னான்னே தெரியல சாமி. ஆடியில தொண்ட நோவுன்னா. அப்பறம் முட்டி வீங்குச்சு. அது வடிஞ்சு முழங்கையில வீங்குச்சு. அதுவும் வடிஞ்சுபோச்சு. இப்ப பத்தடி நடந்தா எளைக்குது."

தொண்டையிலிருந்து மூட்டுக்கு, மூட்டிலிருந்து இதயத்துக்கு. கிளமென்ட்டுக்குப் பாடப்புத்தகத்தின் பக்கமே கண்முன் வந்தது. "உக்காருங்கம்மா, கூப்பிடுவேன்," என்றார்.

டாக்டர் அழகிரிக்கு அன்று அவசரம். ஒரு மணிக்கு வெளியே போகவேண்டும். தாயும் மகளும் உள்ளே போன வேகத்தில் ஒரு டானிக் சீட்டோடு திரும்பினார்கள்.

"இரத்தம் கம்மின்னு சொல்லிட்டாரு. எனக்கு மனசு ஒப்பல. நீங்க பார்த்துச் சொல்லுங்க சாமி. அன்னைக்கு எனக்கு எழுதுனீங்களே, அந்த மாதிரி ஒரு சீட்டு எழுதிக் குடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கே இவளக் கூட்டிட்டுப் போறேன்."

மேசையில் தாளும் இருந்தது, பேனாவும் இருந்தது. உள்ளறையின் கதவு திறந்திருந்தது.

"எனக்கு வைத்தியம் தெரியாதும்மா."

"தெரியாதா? அப்ப அன்னைக்கு என் வயித்துல கைய வச்சுப் பார்த்தது யாரு?"

"டாக்டர் டெலிபோன்ல சொன்னாரு. அவரு சொல்லச் சொல்ல நான் எழுதினேன்." மூன்றாண்டுக்கு முன் கையெழுத்திட்ட வாசகம் எழுத்துப் பிசகாமல் வந்தது.

வீராயி ஒரு கணம் திகைத்தாள். பிறகு முகம் மலர்ந்தது. "அடியாத்தே! உசுரு குடுத்தவர எதுக்க வச்சுக்கிட்டு ஒரு கும்பிடுகூடப் போடாம வந்துட்டேனே! இவளப் பார்த்துக்குங்க சாமி." அவள் மறுபடி உள்ளே ஓடினாள். காலில் விழுந்து எழும் வளையல் ஓசை கேட்டது. "யாரும்மா நீ? எந்திரி, எந்திரி… ஓ, உப்பிலியபுரமா? சரி சரி, நல்லா இரு," என்ற டாக்டரின் குரலும் கேட்டது.

கிளமென்ட் பெஞ்சியைப் பார்த்தார். கழுத்து நரம்பு துடிப்பது தாவணிக்கு மேலேயே தெரிந்தது. அவர் எழுந்துபோய் அவள் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தார். மூன்று ஆண்டுகளில் முதல்முறை. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார். நாடி ஓடி, இடறி, மறுபடி ஓடியது. வீராயியின் காலடி கேட்டதும் கையை எடுத்துவிட்டார்.

"பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கே கூட்டிட்டுப் போங்கம்மா," என்றார் தாழ்ந்த குரலில். "நெஞ்சைப் பார்க்கச் சொல்லுங்க. தொண்டை வலி வந்ததையும் முட்டி வீங்கினதையும் மறக்காமச் சொல்லுங்க. டானிக் போதாது."

"சீட்டு?"

"சீட்டு வேணாம். வாயாலச் சொன்னாப் போதும்."

"தொண்ட, முட்டி, நெஞ்சு," என்று வீராயி விரலை மடக்கி மனப்பாடம் செய்தாள். மகளைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"யாரு சொன்னாங்கன்னு கேட்டா என்ன சாமி சொல்றது?"

கிளமென்ட் அடுத்த அட்டையைக் கையில் எடுத்தார்.

"யாரும் சொல்லலன்னு சொல்லுங்க," என்றார். "நாப்பத்தேழு!"